தகட்டில் காய்ந்த தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மிஷினில் வைக்கிற பூச்சுத்தகட்டை, அதாவது டார்கெட்டை, செய்வது எப்படி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுதப் போவதில்லை. தகட்டை எப்படி வெட்டுவது, மெக்னீசியத்தை எந்தச் சூட்டில் ஆவியாக்குவது என்பதெல்லாம் என் பழைய நோட்டுகளில் இருக்கிறது. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது அங்கே மிச்சமிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் எழுதப்போவது தகட்டைக் கழுவுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். கழுவுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைக்கிற ஆள் உங்களில் ஒருவராவது இருப்பார். நானும் அப்படி நினைத்தவன்தான்.

நான் மத்தூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஓசூரில் வேக்யூம் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் இருந்தேன். மூன்று பேர் ஒரு அறையில், மூன்று ஷிப்டு, ஒரே பாய். போச்சம்பள்ளி சாலையில் ஏதோ ஆய்வுக்கூடம் வருகிறது, வேக்யூம் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு மனு போட்டேன். வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் காரணம். நட்சத்திரங்களுக்காக வந்தேன் என்று இந்த வயதில் பொய் சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அந்த இடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சுற்றிலும் பாறை. பாறைகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. அதற்குள், புரோட்டான்களை வேகமேற்றிப் பாய்ச்சுகிற, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டாமென்று கழித்துவிட்ட மிஷின். மத்தியான நேரத்தில் வெளியே பாறை சுட்டுக்கொண்டிருக்கும், ஆடுகள் நிழல் தேடிக் கொட்டகைச் சுவரோரம் வந்து படுத்திருக்கும், உள்ளே மிஷின் மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருக்கும். அந்தப் பாய்ச்சல், அதாவது பீம், சரியாக வருகிறதா என்று பார்க்க அதன் பாதையில் ஒரு குவார்ட்ஸ் துண்டை இறக்குவோம். புரோட்டான்கள் வந்து பட்டதும் அது நீலமாக ஒளிரும். பொட்டு அளவுதான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நான் எங்கே இருக்கிறேன், காலையில் சாப்பிட்டேனா இல்லையா என்பதெல்லாம் மறந்துவிடும். பலநாள் அப்படி நின்றிருக்கிறேன்.

ஊரில் கேட்பார்கள், அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று. நட்சத்திரம் வெடிப்பதை அளக்கிறோம் என்பேன்.

"எங்க, அந்தக் கொட்டாயிலயா?"

ஆமாம், அந்தக் கொட்டகையில்தான். சில நட்சத்திரங்கள் வயதாகிச் சுருங்கிச் சின்னதாகிவிடும். பக்கத்தில் வேறொரு நட்சத்திரம் இருந்தால், அதன் ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வந்து இதன்மேல் படியும். படிந்து படிந்து அடியில் சூடேறி, ஒருநாள் மொத்தமும் பற்றிக்கொள்ளும். அதைத்தான் நோவா என்கிறார்கள். அந்தத் தீயில் மெக்னீசியத்தின் அணுக்கரு ஒரு புரோட்டானை விழுங்கி அலுமினியமாக மாறும். எவ்வளவு சுலபமாக விழுங்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. அங்கே போய் அளக்க முடியாது. அதனால் மெக்னீசியத்தை டான்டலம் என்கிற உலோகத்தகட்டில் மெல்லிசாகப் பூசி, அதன்மேல் புரோட்டான்களை மோதவிடுவோம். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஒரு காமா கதிர் வெளியே வரும். அதை டிடெக்டர் எண்ணும். புரோட்டானின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் எண்ணிக்கை சட்டென்று கூடி மறுபடி இறங்கும். வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று தெரிந்தால், அந்த நட்சத்திரத்தின் தீ எப்படி எரியும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பூசிய தகடுதான் டார்கெட். அதைச் செய்வது நான்.

மேட்டைத் தேடியவர் நாகவேணி. ஓசூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தெலுங்குக்குப் போய்விடுவார். டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக இந்த ஒரே அளவீட்டைச் செய்துகொண்டிருந்தார். தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். மிகக் குறைந்த வேகங்களில், யாரும் இதுவரை பார்க்காத ஒரு மேடு இருக்கவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஐந்து வருஷம் ஒன்றும் தென்படவில்லை. மணிக்கணக்காக மிஷின் ஓடும், ஒன்றிரண்டு எண்ணிக்கை வரும், அதுவும் பாறையிலிருந்து வருகிற கதிராகத்தான் இருக்கும். அவருடைய உதவித்தொகை முடிய மூன்று மாதம் இருந்தபோது மேடு வந்தது.

வந்தது என்றால் வந்தேவிட்டது. அழகான, குறுகலான மேடு. எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த காமா கதிரோடு. எங்கள் டிடெக்டர் பழையது, பக்கத்துப் பக்கத்து ஆற்றல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஆனாலும் இது பொருத்தமாகத்தான் இருந்தது. நாகவேணி நாலு டார்கெட்டில் பார்த்தார். நாலிலும் இருந்தது. நோவா நாங்கள் நினைத்திருந்ததைவிட வேகமாக எரிகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே மறந்து, பாறைமேல் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான வானத்தில் என்ன தெரியும்? எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. நானும் பார்த்தேன்.

சந்தேகப்படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டோம். இந்தத் தொழிலில் ஃப்ளோரின் ஒரு திருட்டுப் பயல். புரோட்டானைக் கண்டால் விடமாட்டான். கண்ணுக்குத் தெரியாத அளவு தகட்டில் ஒட்டியிருந்தாலும், ஏறக்குறைய எங்கள் மெக்னீசியம் விடுவதைப் போலவே ஒரு காமா கதிரை அள்ளி வீசுவான். அதனால்தான் வெறுந்தகடு வைத்துப் பார்ப்பது வழக்கம். மெக்னீசியம் பூசாத, அதே உலோகச் சுருளில் வெட்டிய தகடு. அதில் மேடு வந்தால் அழுக்கு. வராவிட்டால் மேடு நம்முடையது. வெறுந்தகட்டை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. நாகவேணி கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெக்னீசியம் ஒட்டாது. அதனால் பூசுவதற்கு முன் தகட்டை டிஸ்டில்டு வாட்டரில், அதாவது ஆவியாக்கி வடித்தெடுத்த தண்ணீரில், கழுவவேண்டும். அந்தத் தண்ணீரை நாங்களே எடுத்துக்கொண்டிருந்தோம். மேடு வருவதற்கு முந்தின கோடையில் அதற்கான சாமானில் இருந்த ஹீட்டர் எரிந்துபோனது. புதியது கேட்டு எழுதினேன். எழுதிய காகிதம் எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது. அதே கோடையில்தான் எங்கள் வளாகத்துக் கிணறு வற்றி, பாறையைத் துளைத்துப் புதிதாக போர் போட்டிருந்தார்கள். என்ன தண்ணீர் என்கிறீர்கள்! கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தால் ஜில்லென்று இறங்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டி, அடுப்பில் கொதிக்கவைத்து, அதில் தகடுகளை அரைமணி நேரம் போட்டு எடுத்துக் காயவைத்தேன். கொதிக்கவைத்தால் சுத்தம். எங்கள் வீட்டில் அப்படித்தான், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இதைப் பற்றி யாரிடமும் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் 'கழுவப்பட்டது' என்று ஒரு வார்த்தை எழுதினேன்.

வெறுந்தகடு மட்டும் பழையது. ஹீட்டர் நன்றாக இருந்த காலத்தில் கழுவி, காகிதத்தில் சுற்றி, டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். சுத்தமாக இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அதையே எடுத்துக் கொடுத்தேன். மொத்தத் தப்பும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. டார்கெட் என்னென்ன பாடு பட்டதோ அத்தனையும் வெறுந்தகடும் படவேண்டும். ஒரு படி குறைந்தாலும் அது வெறுந்தகடு இல்லை, சும்மா ஒரு தகடு.

எனக்கு அப்போது ஒரே பெண், கோமதி. எட்டு வயது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோதே முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு இருந்தது. போகப்போக அது பழுப்பாகிவிட்டது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். பெரியவர்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை. சரியாகப் பல் விளக்குவதில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். செங்கல்பொடியை வைத்துத் தேய்க்கச் சொன்னேன். ஈறில் ரத்தம் வந்தது. அப்படியும் போகவில்லை என்று இரண்டு முறை அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர் வந்து பார்க்கிறார், பெற்றோர் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த சின்ன வயது டாக்டர். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதியின் முறை வந்தது.

"பாப்பா எந்தத் தண்ணிங்க குடிக்குது?"

"போர் தண்ணிதாங்க டாக்டர். தெருவுல அடிபம்ப்பு போட்டிருக்குது. ஆனா சும்மா குடுக்கறதில்லீங்க, காய்ச்சித்தான் குடுக்கறோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சினா கிருமி சாவும். இது கிருமி இல்லீங்க. பாறையில இருக்கற ஃப்ளோரைடு. ஆழத்துத் தண்ணியில கரைஞ்சு வருது. காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போவும், அது பாத்திரத்துலயே நின்னுக்கும்."

"அப்ப பல்லு வெளக்காததால இல்லீங்களா?"

"பாவம், அது என்ன பண்ணும்?"

கோமதி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு ஆச்சரியம், அவ்வளவுதான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. அழுவதற்குள், டாக்டர் சொன்ன இன்னொரு வார்த்தை உள்ளே போய் எங்கோ இடித்தது. பாத்திரத்திலேயே நின்றுகொள்ளும். என் பாத்திரம் வீட்டில் மட்டும் இல்லையே. கொட்டகையில் அடுப்பின்மேலும் ஒன்று இருக்கிறதே. ஃப்ளோரைடு என்றால் உள்ளே இருப்பது அதே ஃப்ளோரின்தானே. கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த வழியெல்லாம் எதைத் தாண்டினேன், யார் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை. ஆறு வருஷத்து மேடு என் கண்முன்னால் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கட்டுரை டைப் ஆகி வந்திருந்தது. எங்கள் இயக்குநர் திங்கட்கிழமை பெங்களூரில் ஒரு கூட்டத்தில் அதை அறிவிப்பதாக ஏற்பாடு. நாகவேணி ஓசூரிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். "அண்ணா, மொதல்ல நீங்க எடுங்க. டார்கெட் உங்களுது" என்று டப்பாவை நீட்டினார். எடுத்தேன். தின்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. எனக்கே உறுதியாகத் தெரியாதே, அவசரப்பட்டு அவர் வயிற்றில் ஏன் அடிக்கவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். ஃபிட்டர் ஒருத்தன் தண்ணீரில் செய்த தப்பு என்று நாலு பேர் பேசுவார்கள் என்கிற பயம்.

சனிக்கிழமை காலையில், அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போதே வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கோடைக்கு அப்பறம் செஞ்ச தகடெல்லாம் போர் தண்ணியில கழுவினது. ஹீட்டர் கெட்டுப்போச்சில்ல, அதுலருந்து."

"சரி. அதனால என்ன?"

"அந்தத் தண்ணியில ஃப்ளோரைடு இருக்குதாம். எங்கூர்ப் பசங்க பல்லெல்லாம் அதனாலதான் அப்படி ஆவுதாம். டாக்டர் சொன்னாரு."

அவர் நடப்பதை நிறுத்தினார். "வெறுந்தகடு?"

"அது பழசு. நல்ல தண்ணியில கழுவினது."

மேற்கொண்டு நான் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழம."

"நேத்து மைசூர்பாகு தின்னீங்களே."

"தின்னேங்க."

"ரெண்டு தின்னீங்கண்ணா."

ஆமாம், இரண்டு. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் கத்தியிருப்பார்கள். அவர் தோளில் இருந்த பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "வாங்க, பாத்துருவோம்" என்றார்.

கிருஷ்ணகிரியில் ஒரு பேட்டரிக் கடைக்கு சைக்கிளில் போய், லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்கி வந்தேன். எத்தனை மாதமாக அது அந்தக் கடையில் இருந்தது, எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். புதிதாக இரண்டு வெறுந்தகடு வெட்டினேன். ஒன்றை அந்தத் தண்ணீரில் கழுவினேன். மற்றதை, வழக்கம்போல, போர் தண்ணீரில் அரைமணி கொதிக்கவிட்டுக் காயவைத்தேன். இரண்டிலும் மெக்னீசியம் கிடையாது. முதல் தகட்டை உள்ளே வைத்தோம். நாகவேணி வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு எண்ணிக்கையையும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார். தரையோடு தரையாகப் போனது. இரண்டாவது தகட்டை வைத்தோம். வெளியே ஆட்டுமணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கக்கூடாது, நின்றால் ஏதோ நடந்துவிடும் என்று சின்னப்பிள்ளைபோல நினைத்துக்கொண்டு நின்றேன். நாலு புள்ளி தரையில் இருந்தது. ஐந்தாவது கொஞ்சம் மேலே. ஆறாவது அதற்கும் மேலே. பென்சில் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது. அதே இடம். பழைய தாளை எடுத்து மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு மேடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் கட்டுரையை வாங்கிப்போக இயக்குநர் வந்தார். நாகவேணி இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். கழுவியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆறு வருஷ உழைப்பு வீணாகக்கூடாது என்றுதான் யோசித்தார்.

"ஃப்ளோரினால எவ்வளவு மேடு வருதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சில்ல? அதைக் கழிச்சிருங்க. மிச்சம் இருக்கறது மெக்னீசியம். கொஞ்சமாச்சும் மிஞ்சும்மா."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் தப்பான யோசனை சொல்லவில்லை. அழுக்கை அளந்து கழிப்பது நாம் தினமும் செய்கிற வேலை. உங்களிடமும் ஒருநாள் இப்படி அன்பாகத்தான் சொல்வார்கள். நாகவேணி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, அந்த நாலு தகட்டுல ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு தண்ணி காஞ்சிதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது சார். தெரியாததை எப்படிக் கழிக்கறது?"

இயக்குநர் கட்டுரையை வாங்காமலே போனார். போகும்போது, பழுதுபார்க்க மிஷினைப் பிரிக்கப்போவதைப் பத்து நாள் தள்ளிவைத்துவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அது. அந்தப் பத்து நாளுக்குப் பிறகு நாகவேணிக்கு மிஷின் கிடையாது, உதவித்தொகையும் முடிகிறது.

பேட்டரித் தண்ணீரில் கழுவிப் புது டார்கெட் செய்தேன். ஓட்டினோம். மேடு இல்லை. இன்னொன்று செய்தேன். அதிலும் இல்லை. இனி அவரால் எழுத முடிந்தது ஒன்றுதான்: இந்த இடத்தில் மேடு எதுவும் தென்படவில்லை, இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் இருக்காது. அதிக நேரம் எண்ண எண்ண அந்த அளவைக் கீழே இறக்கலாம், அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு ஒரு 'இல்லை'. நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார், தாளைக் கிழிப்பார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போனேன். "சும்மா இருங்கண்ணா" என்றார். அதற்கப்புறம் நாலு நாள் என்னோடு பேசிய ஒரே வார்த்தை "தகடு" என்பதுதான். தகடு கேட்பார், கொடுப்பேன். எனக்கு அது சரியான தண்டனை என்றே பட்டது.

ஒன்பதாவது நாள் மத்தியானம், மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, டிடெக்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"உங்க பொண்ணு இப்ப எந்தத் தண்ணி குடிக்குது?"

"அதேதாங்க. எங்க பாத்தாலும் போர்தான். வேற எங்க போறது?"

"எது நல்ல தண்ணின்னு யாரும் பாக்கலையா?"

"டாக்டரு தண்ணிய மெட்ராசுக்கு அனுப்பணும்ன்னாரு. அது எப்ப வருமோ."

வந்த எண்ணிக்கையை நோட்டில் குறித்தார். பிறகு, "நாளைக்குக் கொண்டாங்க. எத்தனை எடத்துலருந்து முடியுதோ அத்தனை எடத்துலருந்து" என்றார்.

"மேடம், நாளைக்கு உங்களுக்குக் கடைசி நாள். எண்ணினா அந்த அளவு இன்னும் கொஞ்சம் எறங்குமே."

"எறங்கும். கொண்டாங்கண்ணா. இந்த ஃப்ளோரின் திருடன் எங்க ஒளிஞ்சிருந்தாலும் நம்ம மிஷினுக்குத் தெரியும். வேற எதுக்குத் தெரியும் இந்த ஊர்ல?"

அன்று மாலையே சாமல்பட்டிக்கு, என் மாமனார் வீட்டுக்கு, ஆள் அனுப்பி ஒரு பாட்டில் வரவழைத்தேன். காலையில் எங்கள் தெரு அடிபம்ப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் போரில் ஒன்று பிடித்தேன். நாலாவதாக ஒரு பாட்டில் கையில் மிச்சமிருந்தது. எங்கள் தெருக்கோடியில் பாசி படிந்த, அதிக ஆழமில்லாத பழைய கிணறு ஒன்று உண்டு. அடிபம்ப் வந்தபிறகு அதன் பக்கம் யாரும் போவதில்லை. அழுக்குத் தண்ணீர் என்று மாட்டுக்கு மட்டும் இறைப்பார்கள். வெறும் பாட்டிலை எதற்குத் தூக்கிக்கொண்டு போவது என்று அதிலும் ஒரு பாட்டில் மொண்டுகொண்டேன். பச்சையாக இருந்தது.

ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரே அளவு சொட்டு எடுத்து, பேட்டரித் தண்ணீரில் கழுவிய தகட்டில் விட்டுக் காயவைத்தேன். பேட்டரித் தண்ணீரிலேயே ஒரு சொட்டு விட்டுக் காயவைத்த வெறுந்தகடும் கூடவே வைத்தேன். இந்தமுறை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. நாகவேணி, ஃப்ளோரின் மிக உரக்கக் கத்துகிற வேகத்துக்கு மிஷினைக் கொண்டுபோனார். வெறுந்தகடு சும்மா இருந்தது. சாமல்பட்டித் தண்ணீரில் மேடு வந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீரில் அதைவிட உயரம். எங்கள் தெரு அடிபம்ப் தண்ணீரில் பென்சில் தாளின் மேல் ஓரத்தைத் தொட்டது. இன்னொரு தாளை மேலே ஒட்டித்தான் அதை வரையவேண்டியிருந்தது. எட்டு வருஷம் காய்ச்சிக் காய்ச்சி என் பெண்ணுக்குக் கொடுத்த தண்ணீர். நாகவேணி என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாகப் பாசித் தண்ணீர். அந்தத் தகட்டை உள்ளே வைத்துவிட்டு நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். முதல் புள்ளி கீழே. இரண்டாவது கீழே. மேடு ஏறவேண்டிய இடம் வந்தது. பென்சில் ஏறவில்லை. அவர் நம்பாமல் ஒரு படி பின்னால் போய் மறுபடி வந்தார். கீழே. அதைத் தாண்டிப் போனார். அப்போதும் கீழேயே. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேர்கோடு.

"லேதண்ணா!" என்று கத்தினார். "ஏமீ லேது! ஒண்ணுமே இல்ல!"

ஆறு வருஷமாக ஒரு மேட்டுக்காகக் காத்திருந்தவர், ஒன்றுமில்லாத அந்தக் கோட்டைக் காட்டிக் கைதட்டிக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்தார். என் கையைப் பிடித்து உலுக்கினார். சிரித்தார், அப்புறம் அந்தப் பத்து நாளும் வராத அழுகை வந்தது, அதற்கு நடுவிலும் சிரித்தார். பிறகு மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்து, எழுத வராமல் கிழித்துக்கொண்டிருந்த அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் எழுதினார். ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை.

நான் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பழைய கிணற்றில் ஒரு குடம் இறைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்து கோமதியிடம் நீட்டினேன். பாசி நாத்தம் அடிக்குதுப்பா என்று முகத்தைச் சுளித்தாள். குடி கண்ணு என்றேன்.